கட்டம் நிரம்ப யாரைக் கேட்கலாம்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது நாட்டைக் காப்பாற்றும் தலைப்பு ஒன்றும் இல்லை. நாளிதழில் குறுக்கெழுத்துப் புதிர் வருகிறது. போடுகிறோம். பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது யாரைக் கேட்பது? கேட்கலாமா? கேட்டால் அது தப்பாட்டமா? இவ்வளவுதான் தலைப்பு. இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பதினேழாம் குறிப்பில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் இந்த மன்றத்திலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கலாம். தாராளமாகக் கேட்கலாம். பிறந்த நாள் முதலே கேட்டும் சொல்லியும் வளர்ந்த விளையாட்டு இது. ஆனால் எதைக் கேட்கிறோம்? விடையைக் கேட்கிறோமா, வழியைக் கேட்கிறோமா? அங்கேதான் ருசியும் கெடுகிறது, ருசியும் கூடுகிறது.

பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1913 டிசம்பர் 21. ‘நியூயார்க் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் ஒரு புதிரைப் போட்டார். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போனவர். கட்டங்கள் சதுரமாக இல்லை. வைர வடிவில் இருந்தன. பதினோரு ஆண்டு கழித்து, 1924இல், சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் புதிர்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். புத்தகத்தோடு ஒரு பென்சிலும் இணைத்துக் கொடுத்தார்கள். ஆனால் தங்கள் பெயரில் வெளியிட அவர்களுக்குத் துணிச்சல் இல்லை; வேறொரு பெயரில் வெளியிட்டார்கள். புத்தகம் பறந்தது. ஒரு தேசமே பென்சிலைக் கையில் எடுத்தது.

எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உதவி தேடி ஓடினார்கள்! எங்கே ஓடினார்கள்? நம்மைப் போலவே நூலகத்துக்கு. நியூயார்க் பொது நூலகத்தார், புதிர்க்காரர்கள் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மொய்த்துக்கொள்வதால் உண்மையான வாசகர்கள் கிட்டவே நெருங்க முடியவில்லை என்று புலம்பினார்கள். ஒரு ரயில்வே கம்பெனி, பால்டிமோர் - ஓஹையோ கம்பெனி, பயணிகளுக்காக ரயிலிலேயே அகராதி வாங்கி வைத்தது. நம் ஊர் ரயிலில் தண்ணீர் வந்தாலே புண்ணியம். அங்கே அகராதி வந்தது!

இன்னொரு வேடிக்கை. ‘நியூயார்க் டைம்ஸ்’ 1924இல் இந்தப் புதிரை நேரத்தைக் கொல்லும் பாவம் என்று எழுதியது. பதினெட்டு ஆண்டு கழித்து, 1942இல், உலகப் போருக்கு நடுவே அதே பத்திரிகை தன் புதிரைத் தொடங்கியது. பின்னொரு காலத்தில், விடை தெரியாதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஒரு கட்டண எண்ணையும் வைத்தது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு! பாவம் என்று வைத வாய், பாவத்துக்குப் பரிகாரமும் சொல்லிக் கட்டணமும் வாங்கியது. ஆக, உதவி கேட்பது வெட்கக்கேடு என்றால், அந்த வெட்கத்தை வைத்து வியாபாரமே நடந்திருக்கிறது.

சரி, நம் கட்டத்துக்கு வருவோம். மாட்டிக்கொண்டோம். முதலில் யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரரையா? கைபேசியையா? இல்லை நண்பர்களே. முதலில் கட்டத்தையே கேளுங்கள். புதிர் அமைத்தவர் உங்களை அம்போ என்று விட்டுவிட்டுப் போகவில்லை. குறுக்கே ஒரு சொல், நெடுக்கே ஒரு சொல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் எழுத்து. அந்த எழுத்துதான் அவர் கொடுத்துவிட்டுப் போன உதவி.

ஓர் உதாரணம். குறிப்பு: ‘படி’. இரண்டு கட்டம். உடனே மனசு எங்கே போகிறது? வாசற்படிக்குப் போகிறது. அரிசி அளக்கும் படிக்குப் போகிறது. நகல் என்றும் பொருள் உண்டே என்று மூன்று எழுத்துக்குப் போகிறது. கட்டம் இரண்டுதான். படி என்றால் புத்தகத்தைப் படி. அப்படியானால் ‘வாசி’. ‘ஓது’ என்றும் போடலாமே! எது சரி? இங்கேதான் கட்டத்தைக் கேட்க வேண்டும். இரண்டாம் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறது. அதன் குறிப்பு ‘காட்டு ராஜா’ என்றால் அது சிங்கம், எனவே ‘சி’, எனவே ‘வாசி’. அதே இடத்தில் குறிப்பு ‘பெருமாள் தீர்த்தத்தில் மிதப்பது’ என்று இருந்தால்? துளசி. ‘து’. ஆகவே ‘ஓது’. பார்த்தீர்களா! மேலே தெரியாததைக் கீழே இருப்பது சொல்கிறது. யார் உதவினார்கள்? சிங்கமும் துளசியும் உதவின.

நம் பத்திரிகைப் புதிர்களில் இன்னொரு கூத்தும் உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்க மாட்டார்கள். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் வைப்பார்கள். வலமிருந்து இடமாக ‘வாசி’ என்று நிரப்பிவிட்டு வழக்கம்போல் படித்துப் பாருங்கள். சிவா வந்து நிற்பார்!

இரண்டாவதாக யாரைக் கேட்பது? இலக்கணத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தபோது இது எதற்கு உதவும் என்று முணுமுணுத்தவர்கள் இப்போது காதைக் கொடுங்கள். ஐந்து கட்டம். குறிப்பு, ‘நெற்றிக்குக் குளிர்ச்சி’. குறுக்கே வந்த சொல் இரண்டாம் கட்டத்தில் ‘ந்’ என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டது. தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் ‘ந்’ வந்தால் அடுத்து என்ன வரும்? பெரும்பாலும் த வரிசை. இல்லையென்றால் இன்னொரு ந. 247 எழுத்தில் தேட வேண்டியதில்லை; த, தா, தி என்று பன்னிரண்டைச் சொல்லிப் பார்த்தால் போதும். சந்தனம் தானாக வந்து விழும். ‘ங்’ கிடைத்தால் அடுத்தது க வரிசை. ‘ஞ்’ கிடைத்தால் ச வரிசை. இதையெல்லாம் மெய்ம்மயக்கம் என்று பேர் வைத்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். அது புதிருக்கு இத்தனை பெரிய துணை என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

இன்னும் கேளுங்கள். மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் ‘ள’ வந்து உட்கார்ந்திருக்கிறதா? ‘ண’ வந்திருக்கிறதா? உங்கள் குறுக்குச் சொல் தப்பு! யோசிக்காமல் அழியுங்கள். தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்துகளில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. கீழிருந்து மேல் வரும் சொல்லாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ரயில், லட்டு, டாக்டர் என்றெல்லாம் வருமே என்பீர்கள். வரட்டும். நன்னூலார் அவ்வளவுக்குப் பொறுத்துக்கொள்வார்.

மூன்றாவதாக, அகராதி. அகராதி பார்ப்பது கள்ளாட்டமா? என்னைக் கேட்டால், அகராதி பார்க்காமல் குறுக்கெழுத்துப் போடுகிறவர் பாதிப் பலனை விட்டுவிட்டுப் போகிறார். இங்கிலாந்தில் ஆன் பிராட்ஃபர்ட் என்ற அம்மையார், தான் போட்ட புதிர்களிலிருந்தே பல்லாண்டுகள் சொற்களைச் சேர்த்து, புதிர் போடுகிறவர்களுக்கென்றே ஓர் அகராதி தயாரித்தார். 1986இல் வெளிவந்தது. இன்றும் அங்கே புதிர்க்காரர்கள் வீட்டில் அது இருக்கும்.

ஆனால் நம்மிடம் 1732லேயே ஒன்று இருக்கிறது! புதிருக்காகச் செய்ததில்லை, செய்தவருக்குக் குறுக்கெழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் சதுரகராதியைத்தான் சொல்கிறேன். சதுர் என்றால் நான்கு. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்று நான்கு பகுதி. இந்த நான்கையும் ஒரு புதிர்க்காரன் கண்ணால் பாருங்கள்.

சொல் தெரிந்து பொருள் தெரியாவிட்டால் பெயரகராதி. பொருள் தெரிந்து சொல் தெரியாவிட்டால் பொருளகராதி. நமக்கு வேண்டியது அதுதானே! ‘கிளி, மூன்று கட்டம்’ என்று குறிப்பு. தத்தை, கிள்ளை, சுகம் மூன்றுமே கிளிதான். மூன்றுமே மூன்று கட்டம்தான். இந்தச் செல்வத்தை நிகண்டுகள் சேர்த்து வைத்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை வாய்விட்டு ஒப்பித்தார்கள்.

அடுத்தது தொகையகராதி. முக்கனி, அறுசுவை, நவமணி என்று எண்ணிக்கையில் அடங்கும் தொகுதிகளைச் சொல்வது. ‘நவமணிகளில் ஒன்று, ஐந்து கட்டம்’ என்று ஒரு குறிப்பு வருகிறது என்று வையுங்கள். சுலபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? எண்ணிப் பாருங்கள். கோமேதகம் ஐந்து. வைடூரியம் ஐந்து. மரகதம் ஐந்து. மாணிக்கமும் ஐந்து! நான்கு மணிகள் வந்து வரிசையில் நிற்கின்றன. கடைசிக் கட்டத்தில் ‘ம்’ கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பீர்கள். நான்கும் ‘ம்’ஆல்தான் முடிகின்றன, ஒரு பிரயோசனமும் இல்லை. நான்காம் கட்டத்தில் ‘க’ கிடைத்தால் கோமேதகம், மாணிக்கம் என்று இரண்டாகக் குறையும். இன்னும் ஓர் எழுத்துக்காக நெடுக்கே போய்த்தான் ஆக வேண்டும். தொகுதியை அகராதி கொடுத்தது. எது என்பதைக் கட்டம் கொடுக்கிறது. நடுவில் நின்று கணக்குப் பார்ப்பது நீங்கள். அகராதி பார்த்ததால் உங்கள் வேலை குறைந்ததா? கூடியல்லவா இருக்கிறது!

கடைசியாகத் தொடையகராதி. எதுகைக்காகச் செய்தது. எதுகை என்றால் என்ன? இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. செய்யுள் எழுதுகிறவருக்காக முனிவர் இரண்டாம் எழுத்து ஒத்த சொற்களைத் தொகுத்து வைத்தார். ‘முதல் எழுத்துத் தெரியாது, இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்திருக்கிறது’ என்று தலையைச் சொறிகிற நமக்கும் அதுதானே வேண்டும்? இந்த நூலகத்தில் சதுரகராதி இருக்கிறதா என்று நூலகர் அம்மாவை நாளைக்கே கேளுங்கள்.

கட்டம் ஆயிற்று, இலக்கணம் ஆயிற்று, அகராதி ஆயிற்று. இனி மனிதர்கள்.

எங்கள் தெருவில் ஒரு சலூன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாரமலர் அங்கே வந்துவிடும். பதினோரு மணிக்கு அந்தக் குறுக்கெழுத்தைப் பாருங்கள்: நீல பால்பாயிண்ட், பச்சைப் பேனா, மழுங்கின பென்சில், எல்லாக் கையெழுத்தும் அதில் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்து மேலே வேறு எழுதியிருப்பார். கடைக்காரர் சீப்பும் கத்தரியுமாக நின்றபடியே, “அண்ணே, ஆண் யானை, மூணு எழுத்து” என்பார். காத்திருக்கும் கல்லூரிப் பையன், “வேழம்” என்பான். கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெரியவர், “தம்பி, வேழம்னா எல்லா யானையுந்தான். ஆண் யானைன்னு கேட்டா களிறு” என்பார். “ஆடாதீங்கண்ணே, கத்தி பட்டுரும்” என்பார் கடைக்காரர். அடுத்த குறிப்பு கிரிக்கெட் வீரர் பேராக இருக்கும். பெரியவருக்குத் தெரியாது, பையன் சொல்வான்.

இதில் யார் யாருக்கு உதவினார்கள்? அந்தப் பெரியவர் விடையை மட்டும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏன் வேழம் இல்லை, ஏன் களிறு என்று சொன்னார். அந்தப் பையன் இனி அந்த இடத்தில் தடுக்கி விழ மாட்டான். நான் வழி என்று சொன்னது இதைத்தான்.

ஆங்கிலத்தில் பூடகக் குறிப்பு வைக்கும் புதிர் போடுகிறவர்களுக்கு இந்த வழி சொல்லும் ஆள் இல்லாமல் முடியவே முடியாது. சென்னையில் ‘தி இந்து’ புதிர் பல வீடுகளில் காலைக் கடமை. இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான அட்மிரல் கட்டாரி ஓய்வு பெற்றபின் அந்தப் பத்திரிகைக்குப் புதிர் அமைத்தார். கப்பல் ஓட்டியவர் கட்டம் கட்டினார்! அந்த வகைக் குறிப்பு வெளியே ஒன்று சொல்லும், உள்ளே ஒன்று வைத்திருக்கும். தமிழிலேயே செய்து காட்டுகிறேன். ‘குதிரையின் தலை போனால் படம் ஓடும்’, இரண்டு கட்டம். குதிரையில் ‘கு’ போனால்? திரை! ‘கதவு குழம்பினால் தகுதி’, மூன்று கட்டம். க, த, வு மூன்றையும் இடம் மாற்றுங்கள். தகவு! ‘தலை போனால்’ என்றால் முதல் எழுத்தை எடு, ‘குழம்பினால்’ என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போடு என்று யாராவது ஒரு தடவை சொல்லித் தர வேண்டும். அந்தச் சாவி தெரியாதவர் ஆயுள் முழுக்கக் குதிரையைத் தடவிக்கொண்டே இருக்கலாம். படம் ஓடாது.

இவ்வளவு நல்ல உதவி எப்போது கெடுகிறது? காசு வரும்போது. 1930களில் ஆனந்த விகடன் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியதும், அதனால் பத்திரிகை பரவியதும், சூதாட்டம் என்று கண்டனம் எழுந்ததும் இங்குள்ள மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு விடை சமமாகப் பொருந்தும் குறிப்பை வைத்துவிட்டு, அதில் எது எங்கள் மனசில் இருக்கிறது சொல் என்றால் அது புத்திக்கு வைத்த போட்டியா, அதிர்ஷ்டத்துக்கு வைத்த போட்டியா? இந்தியா முழுவதும் இந்தக் கேள்வி எழுந்து, 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டமே வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குமேல் பரிசு கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திறமையால் வெல்லும் போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, சூதாட்டத் தன்மை உள்ளதற்குத்தான் பொருந்தும் என்று 1957இல் நீதிமன்றம் சொன்னது. நான் சட்டம் பேச வரவில்லை. பெரிய பரிசு வந்துவிட்டால் அண்ணன் தம்பிக்கு விடை சொல்வானா? சலூனில் அந்தப் பெரியவர் வாய் திறப்பாரா? அதைத்தான் கேட்கிறேன்.

சரி, போடுகிறவர்தான் உதவி கேட்கிறார். அமைக்கிறவர்? அவரும் கேட்டிருக்கிறார்! இந்தக் கதையைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் தூக்கம் வராது.

1944 மே மாதம். ஐரோப்பாவில் போர். நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கப் போகின்றன. நாள் ரகசியம், இடம் ரகசியம், பெயர்கள் பரம ரகசியம். அந்த மாதத்தில் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ புதிரில் ஒரு நாள் ‘யூட்டா’ என்று விடை வருகிறது. படை இறங்கப்போகும் கரை ஒன்றின் ரகசியப் பெயர் அது. பிறகு ‘ஒமாஹா’. அதுவும் ஒரு கரை. பிறகு ‘ஓவர்லார்டு’. மொத்தத் திட்டத்தின் பெயரே அதுதான்! பிறகு ‘மல்பெரி’, ‘நெப்டியூன்’. உளவுத்துறை ஆடிப்போனது. புதிர் அமைத்தவர் லியோனார்டு டா என்ற பள்ளித் தலைமையாசிரியர். வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றார். விட்டுவிட்டார்கள். ஜூன் 6இல் படை இறங்கியது. மர்மம் மர்மமாகவே இருந்தது.

நாற்பது ஆண்டு கழித்து, 1984இல், அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் வாயைத் திறந்தார். வாத்தியார் கட்டத்தை நிரப்ப மாணவர்களிடம்தான் சொற்களைக் கேட்பாராம். பள்ளிக்குப் பக்கத்தில் ராணுவ முகாம். பையன்கள் சிப்பாய்களோடு சுற்றித் திரிந்து காதில் விழுந்த பெயர்களையெல்லாம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்! பத்திரிகைக்குப் புதிர் அமைக்கிற தலைமையாசிரியரே பையன்களைக் கேட்டிருக்கிறார் என்றால், பத்தொன்பதாம் குறிப்பில் நின்றுபோன நீங்களும் நானும் கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

அதே பத்திரிகை 1942இல் ஒரு புதிரை 12 நிமிடத்துக்குள் போடச் சொல்லிப் போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலரைப் பின்னால் ராணுவ அலுவலகம் கூப்பிட்டது. பகைவரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் வேலை. தனியாக உட்கார்ந்து போட்டவர்களை எதற்குக் கூப்பிட்டார்கள்? பலரோடு சேர்ந்து உட்கார்ந்து அவிழ்க்கத்தான்.

இப்போது கைபேசி வந்துவிட்டது. 2021இல் அமெரிக்காவின் குறுக்கெழுத்துப் போட்டியில் ‘டாக்டர் ஃபில்’ என்ற கணினி நிரல் எல்லா மனிதர்களையும்விட அதிகப் புள்ளி எடுத்தது. எடுக்கட்டும். வாழ்த்துவோம். கைபேசியைக் கேட்பதையும் நான் தடுக்க மாட்டேன். ‘பதினேழாம் குறிப்புக்கு விடை என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘களிறு என்றால் என்ன? யானைக்கு வேறு பெயர் என்ன?’ என்று கேளுங்கள். கேட்கிற கேள்வி உங்களுடையதாக இருந்தால், யார் பதில் சொன்னாலும் கட்டம் உங்களுடையதுதான்.

உதவி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் திணறும்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்து விடையைக் கத்தாதீர்கள். அதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. முதல் எழுத்தைச் சொல்லுங்கள். ‘இது வினைச்சொல், பெயர்ச்சொல் இல்லை’ என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

முடிக்கும்முன் நூலகர் அம்மா சொல்லச் சொன்ன வேண்டுகோள் ஒன்று; அது என் வேண்டுகோளும்தான். நூலகத்துக்கு வரும் நாளிதழில் குறுக்கெழுத்தை நிரப்பாதீர்கள். பென்சிலால்கூட வேண்டாம். கட்டத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நேரமில்லாவிட்டால் ஜெராக்ஸ் எடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அந்தப் புதிர் வேண்டும். அவர் கேட்டால் வழி சொல்லுங்கள்.